ஒன்பதாவது குறையை எழுதிக்கொண்டிருந்தபோது

இறையியல் கல்லூரியின் பிரசங்க வகுப்பில் ஒருவர் பேசி முடித்ததும் ஒரு சின்ன மௌனம் விழும். பேசியவர் பீடத்தை விட்டு இறங்காமல் நிற்பார். வேதாகமத்தை மூடுவதா, திறந்தே வைத்திருப்பதா என்று அவர் கைக்குத் தெரியாது. கேட்டவர்கள் எல்லாரும் குனிந்து மதிப்பீட்டுத் தாளில் மும்முரமாக எழுதுகிற மாதிரி இருப்போம். முதலில் யார் வாய் திறப்பது என்பதுதான் அந்த நேரத்துப் பிரச்சினை. கடைசியில் யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு பிரதர்" என்பார். அறை முழுக்க ஒரு நிம்மதி பரவும். அடுத்தவரும் அதையே சொல்வார்.

எவ்வளவு வசதியான சொல் அது! பொய் என்று யாரும் பிடிக்க முடியாது. எதையும் சொல்லிவிட்டதாகவும் ஆகாது. அடுத்த வாரம் நாம் அங்கே நிற்கப்போகிறோம், இன்று நாம் சொல்வது அன்று நமக்குத் திரும்பி வரும் என்ற கணக்கு எல்லாருக்கும் இருக்கிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. "இது கர்த்தர் என் உள்ளத்தில் கொடுத்த செய்தி" என்று ஒருவர் தொடங்கிவிட்டால் அதற்குமேல் என்ன சொல்வது? இரண்டாவது பாயிண்ட் இழுத்தது என்றால், யாரைக் குறை சொல்கிறோம்? ஊழியத்துக்குப் படிக்கிறவர்கள் மற்றவர்களைவிட மோசமாக விமர்சிப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் வேலைக்கும் எங்கள் அழைப்புக்கும் நடுவே கோடு எங்கே என்று எங்களுக்கே தெரிவதில்லை. பிரசங்கம் சுமார் என்றால், உன்னைக் கடவுள் அழைக்கவில்லை என்று காதில் விழுகிறது.

நான் அந்த "ஆசீர்வாதமா இருந்துச்சு" கூட்டத்தில் இல்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் என்று என்னைப் பற்றி நானே ஒரு சித்திரம் வரைந்து வைத்திருந்தேன். அந்தச் சித்திரத்தோடுதான் அண்ணன் பேசிய நாளில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் என்றால் கூடப் படித்தவர்தான். பல வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு இறையியல் படிக்க வந்தவர், எங்கள் எல்லாரையும்விட மூத்தவர். நான் பள்ளிக்கூடம், கல்லூரி, இறையியல் என்று வரிசையாக நடந்து வந்தவன். அன்று அவர் எடுத்தது லூக்கா 15-ல் கடைசிப் பகுதி. இயேசு சொன்ன கதை: சொத்தில் பங்கு வாங்கிக்கொண்டு போய் அழித்த கெட்ட குமாரன் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு, வெளியே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்கிற மூத்தவன். முன்னுரை நீளம். கிரேக்கச் சொல் ஒன்றின் உச்சரிப்பு தவறு. உதாரணக் கதை பகுதியோடு ஒட்டவில்லை. இப்படி என் தாளில் பதினோரு குறைகள், எண் போட்டு. போதாததற்கு, அவர் "பிரியமானவர்களே" என்று சொல்லும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. அப்படியே கட்டுக் கட்டாக.

என் முறை வந்ததும் பதினொன்றையும் வாசித்தேன். கடைசியாக, "பிரியமானவர்களே, இருபத்துமூன்று முறை" என்றேன். வகுப்பு சிரித்தது. அண்ணனும் சிரித்தார். "சரி தம்பி, நன்றி" என்று சொல்லி, என் தாளை வாங்கி நாலாக மடித்து வேதாகமத்துக்குள் செருகிக்கொண்டார்.

ஒரு வாக்கியம்

எங்கள் பேராசிரியர் அதிகம் பேசமாட்டார். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னதெல்லாம் சரி. அவர் என்ன சொன்னாரு?"

"மூத்த குமாரனைப் பத்திச் சொன்னாரு ஐயா."

"அது வேதபகுதி. அதை வெச்சு அவர் என்ன சொன்னாரு? ஒரே வாக்கியத்துல சொல்லு."

தாளைப் பார்த்தேன். பதினோரு குறையும் ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகளும் இருந்தன. அந்த ஒரு வாக்கியம் இல்லை. பேராசிரியர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "அடுத்த வகுப்புக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கேட்டவனுக்குச் செய்தி மனதில் நிற்கவில்லை என்றால் அது பேசியவர் குறைதானே? பன்னிரண்டாவதாக அதையும் எழுதியிருக்க வேண்டும் என்றுதான் ஹாஸ்டலுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அந்த வாதத்தில் இன்னமும் ஓரளவு நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அது ஏனோ எனக்குள் உட்காரவில்லை, முள் மாதிரி நெருடிக்கொண்டே இருந்தது.

அடுத்த சுற்றில் அண்ணன் மறுபடி பேசினார். இந்த முறை முழுப் பிரசங்கத்தையும் எழுதி எடுத்து வந்திருந்தார். தலை நிமிராமல் வாசித்தார். முன்னுரை இரண்டே நிமிடம். கிரேக்கச் சொல்லே கிடையாது. ஒரு "பிரியமானவர்களே" கூட இல்லை. முடிந்ததும் எல்லாரும், "நல்ல முன்னேற்றம் அண்ணே" என்றார்கள். முன்பு அவர் பேசும்போது ஒவ்வொரு வரிசையாக முகங்களைப் பார்த்துப் பேசுவார். பின்வரிசையில் தூங்கி வழிகிறவனைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத் தொடர்வார். அந்த மனிதரை இந்த முறை காணோம். பதினோரு குறையும் நீங்கியிருந்தன. பிரசங்கமும் கூடவே போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவர் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாயில் வந்தது, "ஏன் அண்ணே எழுதி வாசிச்சீங்க?" என்பதுதான்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "அந்த 'பிரியமானவர்களே' இருக்கு பாருங்க தம்பி, அதைச் சொல்ற நேரத்துலதான் நான் அடுத்த வரியை யோசிப்பேன். அதைச் சொல்லக் கூடாதுன்னு ஆச்சு. அப்போ எழுதித்தானே ஆகணும்."

நான் எண்ணியது அவர் மூச்சு வாங்கிய இடங்களை. அது கேட்க அலுப்பாக இருந்தது உண்மை. ஆனால் அது அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று ஒரு நிமிடம் கேட்டிருந்தால், "அந்த இடத்துல சும்மா நிறுத்துங்க அண்ணே, நாங்க காத்திருப்போம்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு பழக்கத்தைப் பிடுங்குவதற்கு முன்னால் அது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வகுப்பில் எல்லாப் பிரசங்கத்தையும் போனில் பதிவு செய்வோம். அன்று இரவு அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்து, பேனா இல்லாமல் கேட்டேன். பதினான்காவது நிமிடத்தில் அண்ணன் சொல்கிறார்: "அந்த அப்பா ஒரே நாள்ல ரெண்டு தடவை வெளிய வர்றாரு. ஓடிப்போனவனுக்காக ஒரு தடவை. ஓடாதவனுக்காக ஒரு தடவை." முதல் தடவை ஓடி வருகிறார், இரண்டாம் தடவை வருந்தி அழைக்கிறார், இரண்டு பிள்ளைகளுக்கும் வாசலைத் தாண்டியது அவர்தான் என்று போகிறது பேச்சு. வாசித்துப் பார்த்தால் இரண்டும் அந்த அதிகாரத்திலேயே இருக்கின்றன, 20-ம் வசனத்திலும் 28-ம் வசனத்திலும். எத்தனை முறை படித்திருப்பேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

பதிவில் அந்த இடத்தில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்கிறது. போன் என் மேசையில் இருந்திருக்கிறது. தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் ஒன்பதாவது குறையை எழுதிக்கொண்டிருந்தேன்.

பழைய நோட்டு

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். செய்யாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அதுவரை மற்றவர்களைப் பற்றி எழுதிய குறிப்புகள் எல்லாம் ஒரு நோட்டில் இருந்தன. உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தேன்.

ஆண்கள் பேசியதற்கு நான் எழுதியவை பெரும்பாலும் வேதபகுதியைப் பற்றி: விளக்கம் பலவீனம், சூழலைப் பார்க்கவில்லை, பயன்பாடு பொது. பெண்கள் பேசியதற்கு எழுதியவை: குரல் இன்னும் உயர வேண்டும், கைகளை அதிகம் அசைக்கிறார், இனிமையாக இருந்தது. எங்கள் வகுப்பில் எபிரெயம் நன்றாகத் தெரிந்தவர் ஒரு அக்கா. ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண் ஆகாரைப் பற்றி அவர் பேசிய பிரசங்கத்துக்கு நான் எழுதியிருந்தது ஒரே வரி: "தன்னம்பிக்கை கூடியிருக்கிறது." அவர் அந்தப் பகுதியில் என்ன வாதம் வைத்தார் என்று ஒரு சொல் கிடையாது. அது பாராட்டா? எனக்கு இப்போது அவமதிப்பாகத்தான் படுகிறது. அதை அவர் எப்படி வாங்கிக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. நான் வளர்ந்த சபையில் போதகர் குறிப்புகளோடு நின்று, நிதானமாகப் பேசுவார். உரத்த குரலில், குறிப்பில்லாமல், நடந்துகொண்டே பேசும் சபைகளிலிருந்து வந்த நண்பர்களுக்கு நான் எழுதியதெல்லாம் "ஆரவாரம்", "ஒழுங்கில்லை". அவர்கள் என்னைப் பற்றி எழுதியது: "அனல் இல்லை." இரண்டு பக்கமும் சொன்னது ஒன்றேதான்: நீ எங்கள் சபைப் போதகர் மாதிரி இல்லை. பேசியவர் என்ன செய்ய முயன்றார், அதைச் செய்தாரா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நானாக இருந்தால் எப்படிப் பேசியிருப்பேன் என்று பார்த்திருக்கிறேன். நோட்டு முழுக்க நான் எழுதாத என் பிரசங்கங்கள்தான் இருந்தன.

மருத்துவமனைக் காகிதங்கள்

பிரசங்கமாவது எழுதித் தயாரித்துப் பேசுவது. மருத்துவமனை ஊழியப் பயிற்சியில் விமர்சனம் இன்னும் கூரானது. 1925-ல் அன்டன் பாய்சன், அமெரிக்காவில் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் இறையியல் மாணவர்களைச் சேர்த்துத் தொடங்கிய முறையின் வழிவந்தது அந்தப் பயிற்சி. பாய்சன் தாமே மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவர். நோயாளிகளை உயிருள்ள மனித ஆவணங்கள் என்றார். புத்தகத்தைப் படிக்கிற கவனத்தோடு அவர்களைப் படிக்க வேண்டும் என்றார். அங்கே நோயாளியோடு பேசியதை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதிக் கொண்டுவர வேண்டும். வெர்பேட்டம் என்போம். குழுவாக உட்கார்ந்து அதை வாசிப்போம். நீங்கள் சொன்ன ஒவ்வொரு அசட்டு வார்த்தையும் எண் போட்டுக் காகிதத்தில் இருக்கும். தப்பிக்க வழி கிடையாது.

வகுப்புத்தோழி ஒருவரின் காகிதத்தில் இப்படி இருந்தது. (வரிகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

நோயாளி 5: பேரன் போன் பண்ணினான். அவன்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலம்மா.

மாணவி 5: கர்த்தர் எல்லாத்தையும் பார்த்துக்குவார் பாட்டி. ஜெபம் பண்ணலாமா?

நோயாளி 6: பண்ணும்மா.

பழைய நானாக இருந்தால், "ஜெபத்துக்கு அவசரப்பட்டுட்டீங்க" என்று ஒரே போடாகப் போட்டிருப்பேன். அது சரியாகவும் இருந்திருக்கும். இந்த முறை முதலில் நான் கேட்டதைச் சொன்னேன். "அஞ்சாவது வரியில பாட்டி ஒரு கதவைக் கொஞ்சம் திறக்கிற மாதிரி எனக்குக் கேட்டுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியலைங்கிறாங்க. அந்த இடத்துல உங்களுக்குள்ள என்ன ஓடுச்சு அக்கா?"

அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயமா இருந்துச்சு" என்றார். "எங்க பாட்டியும் இப்படித்தான் கேட்டாங்க. போன வருஷம்." அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. நாங்களும் பேசவில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. ஒப்புக்கொள்வதில் என்ன இருக்கிறது. சரியான கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்று. மறுநாள் அந்த அக்கா நடைவழியில் என்னை நிறுத்தினார். "நேத்து நீங்க கேட்டது எனக்கு உதவியாத்தான் இருந்துச்சு. ஆனா எல்லார் முன்னாடியும் கேட்டிருக்க வேண்டாம்."

பேனாவைக் கீழே வைக்கக் கற்றுக்கொண்டேன், கேட்கவும் கற்றுக்கொண்டேன், எங்கே வைத்துக் கேட்பது என்பதில் மறுபடி சறுக்கினேன்.

சேர்த்துக்கொண்டு

அப்போஸ்தலர் 18-ல் அப்பொல்லோ வருகிறார். சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவன். ஆனால் யோவான் கொடுத்த ஸ்நானத்தை மாத்திரம் அறிந்தவர். அதாவது பாடத்தில் பெரிய ஓட்டை. எபேசுவில் அவர் ஜெபஆலயத்தில் பேச, ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்கிறார்கள். "அவன் பேசுகிறதைக் கேட்டு, அவனைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் அவனுக்கு விவரித்துக் காண்பித்தார்கள்." அக்கா நடைவழியில் சொன்ன பிறகு இந்த வசனத்தில் எனக்குக் கண்ணில் பட்டது வினைகளின் வரிசை. கேட்டு. சேர்த்துக்கொண்டு. அப்புறம்தான் விவரித்து. சபை நடுவில் எழுந்து நின்று அவர்கள் திருத்தவில்லை. திருத்தாமலும் விடவில்லை. சொன்ன முறையும் "அதிக திட்டமாய்". ஆசீர்வாதமாக இருந்தது என்ற மொழுமொழுப்பு அதில் இல்லை.

இந்த விஷயத்தில் நாத்தான் தீர்க்கதரிசியை உதாரணம் காட்டுவார்கள், தாவீது ராஜாவின் பாவத்தைக் கதை சொல்லி மடக்கினதை. எனக்கு அது ஒத்துவராது. ராஜாவிடம் உயிரைப் பணயம் வைத்துப் பேசுகிறவனுக்குக் கதை தேவைப்பட்டது. கூடப் படிக்கிறவனிடம் சுற்றி வளைத்துக் கதை சொல்லி, கடைசியில் "அந்த மனுஷன் நீயே" என்றால், அவன் திருந்துவதைவிட ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பான்.

எல்லார் முன்னாலும் சொல்லவே கூடாதா என்றால் அப்படியும் இல்லை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது, பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகத்தான் கேட்டார். அங்கே பாதிப்பும் எல்லாருக்கும் இருந்தது. பிரசங்கம் எல்லாரும் கேட்டது, அதை எல்லாரும் பேசலாம். ஒருவருடைய பாட்டி வேறு விஷயம்.

ஜெனிவாவில் 1541-ல் சபை ஒழுங்குகளை எழுதியபோது, போதகர்கள் வாரம் ஒருமுறை கூடி வேதத்தை ஆராய வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்களுக்குள் ஒருவர் குறையை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விதியாகவே வைத்தார்கள். முதலில் படித்தபோது பயங்கரமாக இருந்தது. பிறகு யோசித்தால், ஒரு வசதியும் தெரிகிறது: நாள் குறித்துவிட்டால் அன்றைக்குச் சொல்வது பகையாகாது, மற்ற நாட்களில் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்க வேண்டிய தேவையும் குறைகிறது. ஹிட்லர் காலத்தில், 1935-ல் தொடங்கி 1937-ல் ரகசியப் போலீசான கெஸ்டபோ மூடும்வரை ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் நடத்திய ஃபிங்கன்வால்டே குருமடத்தில் இன்னொரு விதி. கூட இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக் கூடாது. பேசிவிட்டால், பேசியதை அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். இதை நாங்கள் ஹாஸ்டலில் ஒரு வாரம் முயன்று பார்த்தோம். மூன்றாம் நாளே சாப்பாட்டு மேசையில் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. எங்கள் பேச்சில் எவ்வளவு பங்கு அடுத்தவர் பிரசங்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. விதி நாலாம் நாள் செத்துப்போனது.

இப்போது என் தாளின் முதல் வரியில் ஒரு வாக்கியம் எழுதுவேன்: "எனக்குக் கேட்டது இது." அதற்கு முன்னால் வேறு எதையும் எழுதுவதில்லை. அதன் பிறகு ஒரு குறை, பெரும்பாலும் ஒன்றே ஒன்று, அந்த மனிதரால் அடுத்த தடவைக்குள் மாற்றிக்கொள்ளக் கூடியது. குறை அதற்குமேல் தெரியாமல் இல்லை. விரல் துறுதுறுக்கத்தான் செய்கிறது.

கடைசிப் பருவத்தில் என் முறை வந்தது. ஓசியா 11 எடுத்தேன். "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்" என்று கடவுள் தவிக்கிற இடம். கைவிட முடியாத கடவுள் என்பதுதான் செய்தி. மூன்று வாரம் உழைத்திருந்தேன். முன்கூட்டியே அண்ணனிடம் போய், "எனக்கு நீங்க சொல்லணும்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் பேனா எடுக்காமல் கைகட்டி உட்கார்ந்து கேட்டார். வகுப்பில் எதுவும் சொல்லவில்லை. சிலர் ஆசீர்வாதமாக இருந்தது என்றார்கள்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார். "எனக்குக் கேட்டது: கடவுள் நம்மேல கோபமா இருக்கார், சீக்கிரம் சரிபண்ணிக்கோங்க. நீங்க சொல்ல வந்தது இதுதானா தம்பி?"

அறைக்கு வந்து எழுதி வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு வரிகூட இல்லை. பதிவைப் போட்டேன். வார்த்தைகள் எல்லாம் எழுதியபடியேதான் இருந்தன. குரல் மட்டும் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது.

போனை எடுத்துக்கொண்டு அவர் அறைக் கதவைத் தட்டினேன். "அண்ணே, எந்த இடத்துலேர்ந்து அப்படிக் கேட்டுச்சு?"

"ஏழாவது எட்டாவது நிமிஷம் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் பண்ணினார். "உட்காருங்க. போடுங்க கேப்போம்."